சாலையைக் கடந்த பந்து

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் மாதேஷ் வெல்டராகப் பணிபுரிகிறார். வயது இருபத்தாறு. உயரம் ஐந்தடி ஒன்பதங்குலம். கைப்பந்தாட்டக்காரர்க்கு அது உயரமே அன்று. ஆயினும் நான்கடி ஓடிவந்து எழும்பினாரென்றால் அவர் முழங்கை வலைக்கு மேலே தெரியும். அந்தரத்தில் ஓர் இமைப்பொழுது நின்று, எதிர்க்களத்தில் ஆளில்லாத இடம் எதுவென்று பார்த்து, அதன் பின்னரே பந்தை அடிப்பார். ஒருமுறை கண்டவர்கள் அதை மறப்பதில்லை.

நெடுங்காலம் அதைப் போட்டிக் களத்தில் நேரில் காணாதவர் ஒருவர் இருந்தார். அவர் மாதேஷின் தந்தை சின்னான்.

அவர்களுடைய ஊர் கரட்டுப்புதூர். எருமப்பட்டி வழியில், கொல்லிமலையை அண்ணாந்து பார்த்துக் கிடக்கும் சமவெளியில் உள்ளது. ஊரின் நடுவே தார்ச்சாலை ஓடுகிறது. சாலைக்கு வடபுறம் ஊர்த்தெரு. நிலமும் கோழிப்பண்ணையும் உடைய குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. தென்புறம் காலனி, அந்நிலங்களிலும் பண்ணைகளிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்த பட்டியலினக் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. வடபுறத்தில் மாரியம்மன் கோயில். கோயிலுக்கு முன்னே மைதானம். தைப்பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் அங்கே கைப்பந்துப் போட்டி நடைபெறும்.

அந்தக் களத்தை அமைப்பவர் சின்னான். பதினெட்டு மீட்டர் நீளத்தையும் ஒன்பது மீட்டர் அகலத்தையும் நாடா பிடிக்காமல் காலடியாலேயே அளந்து, சுண்ணாம்புத்தூளால் கோடிழுப்பார். ஒரு விரற்கடைக் கோணலும் இராது. கம்பம் நட்டு, வலை கட்டி, வந்தோர்க்கு நாற்காலிகளை வரிசையிட்டு முடித்தபின், சாலையைக் கடந்து தென்புறம் போய்விடுவார். காலனி மக்கள் அங்கே நின்றுதான் ஆட்டம் பார்ப்பார்கள். கோயில் இடம் என்பது சொல்லப்பட்ட காரணம். வேலை செய்ய உள்ளே வரலாம். வேடிக்கை பார்க்க வரலாகாது. இதை எவரும் எழுதி வைத்ததில்லை. எழுதாத காரணத்தாலேயே அதை அழிக்கவும் இயலாதிருந்தது.

மாதேஷின் நெஞ்சில் ஓர் ஆசை இருந்தது. தம் ஊர்க் களத்தில், தம் தந்தை கோட்டோரம் அமர்ந்து பார்க்க, ஒரேயோர் ஆட்டம் ஆடிவிட வேண்டும். வெளியூர்களில் எத்தனையோ கோப்பைகளை வென்றும் அந்த ஆசை தணியவில்லை. காலையும் மாலையும் கோழிகளுக்குத் தீனி வைக்க வேண்டிய சின்னானால் அவ்வூர்களுக்குச் செல்ல இயலாது. சொந்த ஊரில் ஆடலாமென்றால், கரட்டுப்புதூர் அணியில் காலனிப் பெயர் ஒன்று எக்காலத்தும் இடம்பெற்றதில்லை.

அணிக்கு ஆள் மிகுந்திருந்தது அதற்குக் காரணமல்ல. ஆண்டுதோறும் ஆள் குறைந்தது. குறையை நிரப்ப வெளியூர்களிலிருந்து கெஸ்ட் பிளேயர்களை வரவழைப்பார்கள். போட்டிக் குழுவின் தலைவர் மயில்சாமி. இருபதாயிரம் கோழிகள் உள்ள பண்ணைக்கு உரியவர். சின்னான் வேலை செய்வதும் அங்கேதான். பாலக்காட்டிலிருந்து வந்த ஆட்டக்காரர் இருவரை அவர் தம் வீட்டினுள் அமர்த்தி, மனைவி கையால் நாட்டுக்கோழிக் குழம்பு பரிமாறச் செய்தார். அவர்கள் என்ன ஆள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மலையைத் தாண்டி வந்தவர் கையைப் பற்றிக் குலுக்கியவர்க்குச் சாலையைத் தாண்டி இருந்தவர் கண்ணிற் படவில்லை.

கண்டுகொண்டவர் குமாரபாளையத்து இளஞ்செழியன். விசைத்தறித் தொழிலாளி, அவ்வூர் அணியின் தலைவர். நாமக்கல்லில் பட்டறைத் தொழிலாளர்கள் ஆடிய ஆட்டமொன்றை வழிப்போக்கராக நின்று பார்த்தவர், அன்றே மாதேஷைத் தம் அணிக்குக் கேட்டுக்கொண்டார். நான்காண்டுகள் மாதேஷ் காவிரிக்கரை ஊருக்காக ஆடினார். அந்த ஆட்டங்களைக் கைபேசி வழியே நேரலையாகக் காட்டுவார்கள். அதில் வர்ணனை சொல்பவர் ஒரு வாயாடி.

“எந்திரிச்சாரய்யா மாதேஷு! நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, அப்பவும் மேலயேதான் நின்னுட்டு இருப்பாரு!”

அந்த வர்ணனை கரட்டுப்புதூர் ஊர்த்தெருவின் வீடுதோறும் ஒலித்தது. கேட்டவர்கள் பிள்ளைகள். மயில்சாமியின் மகன் நவீன்குமாருக்குப் பதினேழு வயது. ஊர் அணியில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். மகள் தனப்பிரியாவுக்குப் பதின்மூன்று. இருவரும் அவர்களுடைய தோழர்களும் மாதேஷின் ஒவ்வோர் ஆட்டத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தனர். சர்வீஸ் போடுமுன் அவர் பந்தை இருகையாலும் ஏந்தி, தீபாராதனையைக் கண்ணில் ஒற்றுவதுபோல் நெற்றியில் ஒற்றிக்கொள்வார். சில மாதங்களில் ஊர்த்தெருப் பிள்ளைகள் அனைவரும் பந்தை நெற்றியில் ஒற்றினர். ரப்பர் பந்தை ஒற்றினர்; பந்து கிடைக்காத சிறுவன் ஒருவன் எலுமிச்சம்பழத்தை ஒற்றினான்.

பள்ளியில் தனப்பிரியாவுக்குச் சேந்தமங்கலத்துத் தோழி ஒருத்தி உண்டு. பெயர் பிரவீனா. ஒருநாள் அவள் கேட்டாள்.

“மாதேஷு உங்கூராமா? நெசமாவா?”

“நெசமாத்தான். எங்கூட்டு மாடியில நின்னா அவரு ஊடு தெரியும்.”

“அப்பறம் ஏன்டி உங்கூரு டீமுல ஆடறதில்ல?”

தனப்பிரியா பையைத் திறந்து எதையோ தேடினாள்.

“அவரு ஊட்டுக்குப் போயிருக்கறயா?”

“இல்ல.”

“மாடியில நின்னா தெரியுதுங்கற, ஒருக்காக் கூடப் போனதில்லயா? நானா இருந்தா அங்கயே பாய் போட்டுப் படுத்திருப்பேன். நீயெல்லாம் ஒரு ரசிகையா!”

அந்தக் கேலி அவளை மாலைவரை விடவில்லை. சாப்பாட்டின்போது தந்தையிடம் கேட்டுவிட்டாள்.

“அப்பா, மாதேஷண்ணன் ஏனுங்கப்பா நம்ம டீமுல ஆடறதில்ல?”

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த தாய் அன்புச்செல்வியின் கரண்டி நின்றது. “யாரு அண்ணன்?”

“மாதேஷண்ணன்.”

“சின்னான் பையனா? பேரச் சொல்லு, போதும்.”

“நவீனே அவர அண்ணன்னுதான் சொல்றான். வேணும்னாக் கேளுங்க.”

நவீன்குமார் தட்டிலிருந்து தலை தூக்காமல், “அவ்வளவு நல்லா ஆடறவர வேற எப்படிம்மா சொல்றது?” என்றான்.

மயில்சாமி, “அவன் குமாரபாளையத்துக்கு ஆடறான். நம்ம டீமுல எடமில்ல” என்று முடித்துவிடப் பார்த்தார்.

“பாலக்காட்டுக்காரருக்கு எடமிருந்துச்சுங்களே?”

“சோத்தத் தின்னு.”

தெய்வத்தின் முன் எல்லாரும் ஒன்றென்று பாடும் நாவுகள் தெருவில் இறங்கியதும் ஆளுக்கேற்ப மாறிப் பேசுவதை எந்நாளும் காண்கிறோம். ஊர்த்தெருவில் பேச்சு பழகும் குழந்தை, அறுபது வயதுக் காலனிக்காரரைப் பெயர் சொல்லி, “வா”, “போ” என்று அழைக்கவே முதலில் பழகும். பெரியவர் அக்குழந்தையைச் “சாமி” என்பார். தனப்பிரியாவும் நேற்றுவரை, “சின்னா, சைக்கிள எடுத்து வை” என்றவள்தான். இப்போது அவளுக்கு ஒரு சிக்கல் நேர்ந்தது. மகனை அண்ணன் என்றாகிவிட்டது. அண்ணனைப் பெற்றவரைச் “சின்னா” என்பதெப்படி?

பண்ணை வாயிலில் அவள் சைக்கிளின் செயின் கழன்ற அன்று, அந்தக் கணக்கை அவள் தானே தீர்த்துக்கொண்டாள்.

“பெரீப்பா, செயின் கழண்டுக்கிச்சுங்க.”

தீனி மூட்டையைத் தூக்கிய சின்னான் திரும்பிப் பார்த்தார். மயில்சாமியின் அண்ணன் வந்திருக்கிறார் போலும் என்று எண்ணி மூட்டையை இறக்கினார்.

“பெரிய பண்ணாடி வந்திருக்கறாருங்களா, அம்முணி?”

“உங்களத்தானுங்க கூப்புட்டேன்.”

சின்னான் சுற்றுமுற்றும் பார்த்தார். “அய்யோ சாமி, அப்படிக் கூப்புடாதீங்க. யாரு காதுலயாச்சும் உழுந்தா என்னையத்தான் வைவாங்க.”

“மாதேஷண்ணனோட அப்பாவ வேறெப்படிக் கூப்புடறதுங்க? உங்கள நான் வா போன்னு பேசறது தெரிஞ்சா அந்தண்ணன் என்னைய மதிப்பாரா?”

சின்னான் செயினை மாட்டிக் கொடுத்தார். அன்று மாலை மனைவி பாவாயியிடம் இதை அச்சத்தோடு சொன்னார். பாவாயி அஞ்சவில்லை.

“புள்ள முறை வெச்சுக் கூப்புட்டா உனக்கென்ன காய்ச்சலா வருது? என்னையப் பெரீம்மான்னு ஒருக்காக் கூப்புடச் சொல்லு, கேப்போம்.”

அடுத்த தை வந்தது. குமாரபாளையம் அணி கரட்டுப்புதூர்ப் போட்டிக்குப் பெயர் கொடுத்தது. பட்டியலில் மூன்றாம் பெயர் மாதேஷ். போட்டிக் குழுவில் சிலர் அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொல்லவேண்டும் என்றனர். நடுவராக இருக்க இசைந்திருந்த உடற்கல்வி ஆசிரியர் பாலசுந்தரம் சட்டைப்பையிலிருந்து போட்டி நோட்டீஸை எடுத்து விரித்தார்.

“இது நீங்க அடிச்ச நோட்டீஸுங்க. கெஸ்ட் பிளேயர் எந்த ஊருன்னு யாரும் கேக்கக்கூடாதுன்னு நாலாவதா போட்டிருக்குது. போன வருஷம் பாலக்காட்டுக்காரங்க ரெண்டு பேர எறக்குனப்ப, சண்டைக்கு வந்த டீமுகிட்ட இதத்தான நீட்டுனீங்க? இப்ப உங்களுக்குன்னா மட்டும் தனி நோட்டீஸா?”

மயில்சாமி நோட்டீஸை வாங்கி மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, “ஆடட்டும் உடுங்க. ஆட்டம் முடிஞ்சா ஊருக்குப் போயிடுவான்” என்றார்.

“எந்த ஊருக்குங்க?” என்றார் பாலசுந்தரம். “அவனுக்கும் ஊரு இதுதானுங்களே.”

தங்கள் வசதிக்குத் தாங்களே போட்ட விதி இவ்வாறு அவர்களைக் கட்டியது. மாதேஷின் ஆசையில் பாதி நிறைவேறிற்று. மறுபாதிக்கு அவர் தந்தையிடம் கெஞ்சினார்.

“அப்பா, கோடு போட்டுட்டு நீ அங்கயே இரு.”

“நான் இருந்தா உன்னையும் ஆட உடமாட்டாங்க. அக்கட்டால நின்னே பாத்துக்கறேன். கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது.”

“அங்கிருந்து பாத்தா மறைக்கறவங்க தலைதான் தெரியும்.”

“உன்ற தலை தெரியாதா எனக்கு? போடா.”

போட்டி நாளன்று சின்னான் எப்போதும் போலக் கோடிழுத்தார். வலை கட்டினார். நாற்காலிகளை வரிசையிட்டார். பிறகு சாலையைக் கடந்து தென்புறம் சென்று கூட்டத்தோடு நின்றார்.

ஐந்து ஊர் அணிகளை வென்று வந்த குமாரபாளையமும், சொந்த மண்ணில் ஆடிய கரட்டுப்புதூரும் பிற்பகலில் இறுதியாட்டத்தில் எதிரெதிரே நின்றன. அப்போதுதான் பெரியவர்களுக்கு ஒரு செய்தி விளங்கிற்று. ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் ஊர் அணிக்கு எதிராகக் கத்தினார்கள்! “மாதேஷண்ணா! மாதேஷண்ணா!” என்று கோட்டோரத்தில் அவர்கள் அமர்ந்திருந்த ஜமுக்காளம் முழுதும் ஒரே முழக்கம். கீச்சுக்குரல், உடைந்த குரல், விசில் எல்லாம் ஒன்றாய்க் கலந்தன. நாற்காலியில் இருந்த ஒருவர் தம் பேரனைப் பார்த்து, “எந்த ஊரு சோத்தடா திங்கறே?” என்று சீறினார்.

“மாதேஷண்ணன் ஊரு சோத்தத்தானுங்க தாத்தா” என்றான் பேரன்.

முதல் சுற்றைக் கரட்டுப்புதூர் வென்றது. இரண்டாம் சுற்றைக் குமாரபாளையம் வென்றது. பதினைந்து புள்ளிகள் கொண்ட மூன்றாம் சுற்றில் கரட்டுப்புதூர் பதின்மூன்று, குமாரபாளையம் பதினொன்று. இன்னும் இரண்டே புள்ளிகளில் கோப்பை ஊரிலேயே தங்கிவிடும். இளஞ்செழியன் பந்தை உயரத் தூக்கிக் கொடுத்தார். மாதேஷ் எழுந்தார். எதிரே நவீன்குமாரும் எழுந்து இரு கைகளையும் விரித்தான். இடிபோல் இறங்கிய அடி அவன் விரல்களிற் பட்டுத் தெறித்து, நாற்காலிகளுக்கு மேலே, பந்தலுக்கு மேலே பறந்து போய்ச் சாலைக்கு அப்பால் விழுந்தது. புள்ளி குமாரபாளையத்துக்கு. அடுத்து சர்வீஸ் போடவேண்டியவரும் மாதேஷே.

அந்த ஊர் மாரியம்மன் தேர் அச்சாலையை ஒருநாளும் கடந்ததில்லை. அன்று பந்து கடந்தது.

தென்புறத்துக் கூட்டத்தில் அதைப் பிடித்தவர் சின்னான். பிடித்தவர்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எறியவும் கூச்சம், கொண்டுசெல்லவும் அச்சம். ஆட்டம் நின்றது. எல்லாக் கண்களும் சாலைக்கு அப்பால் திரும்பின. ஜமுக்காளத்திலிருந்து தனப்பிரியா எழுந்தாள். பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி சாலையைக் கடந்து ஓடினாள். பந்தை வாங்கவில்லை. பந்தைப் பிடித்திருந்த கையைப் பிடித்தாள்.

“பெரீப்பா, இங்க நின்னா ஒண்ணுமே தெரியாதுங்க. அண்ணன் சர்வீஸ் போடப் போறாரு. வாங்க!”

அவள் கூவியது மைதானம் முழுவதும் கேட்டது. சின்னான் பின்வாங்கினார். அவள் விடவில்லை. பாவாயி கணவரின் முதுகில் கைவைத்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

“புள்ள கூப்புடுதல்ல, போ! நானும் வாரேன்.”

சிறுமி முன்னே, பந்தோடு சின்னான் பின்னே, அவர்க்குப் பின்னே பாவாயியும் காலனி மக்கள் இருபது முப்பது பேருமாகச் சாலையைக் கடந்து வந்தனர். நாற்காலியிலிருந்த சிலர் எழுந்தனர். மயில்சாமியின் முகம் கறுத்தது. அவர் வாய் திறக்குமுன் நவீன்குமார் வலையருகிலிருந்து குரல் கொடுத்தான்.

“அப்பா, ஆட்டத்தக் கெடுக்காதீங்க. நாங்க செயிக்கற நேரம்!”

பிள்ளைகள் மளமளவென்று நகர்ந்து ஜமுக்காளத்தில் இடம் விட்டனர். “இங்க வாங்க பெரீப்பா!” “இக்கட்டால உக்காருங்க!” ஒருத்தி தொடங்கிய சொல்லைப் பத்துப் பதினைந்து வாய்கள் சொல்லின. மயில்சாமி தம் பண்ணையாளைப் பார்த்தார். தம் மகளைப் பார்த்தார். அவள் கை இன்னும் அந்தக் கையை விடாதிருப்பதைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் அமர்ந்துவிட்டார். அவர் அமரவே மற்றவர்களும் அமர்ந்தனர். சின்னான் தாம் இழுத்த கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி, பிள்ளைகளுக்கு நடுவே சம்மணமிட்டார். பாலசுந்தரம் விசில் ஊதினார்.

மாதேஷ் பந்தை நெற்றியில் ஒற்றினார். அன்று அது வழக்கத்தைவிடச் சற்று நீண்டது.

முதல் சர்வீஸ் எதிர்க்களத்தின் கோடியில் கோட்டின்மேல் இறங்கியது; சுண்ணாம்பு வெண்புகையாய் எழுந்தது. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. இரண்டாவதை வாங்கியவன் கையிலிருந்து பந்து நழுவி வெளியே ஓடியது. மூன்றாவதை நவீன்குமார் விழுந்து புரண்டு எடுத்தான். பந்து அங்குமிங்கும் ஏழெட்டு முறை வலை தாண்டிற்று. இறுதியில் இளஞ்செழியன் அதைப் பின்பக்கமாகத் தூக்கினார். மாதேஷ் பின்கோட்டிலிருந்து ஓடிவந்து எழுந்தார். அந்தரத்தில் நின்றார். சின்னான் தம்மையறியாமல் முழங்காலிட்டு எழுந்துவிட்டார். அடி விழுந்தது, பந்து இருவருக்கு இடையே மண்ணில் அறைந்து எகிறிற்று.

வாகை குமாரபாளையத்துக்கு. ஆரவாரமோ கரட்டுப்புதூரில் எழுந்தது. பிள்ளைகள் கோடு நெடுக நின்று கைகளை நீட்டினர். மாதேஷ் ஓடிவந்து ஒவ்வொரு கையிலும் தம் கையை அறைந்துகொண்டே சென்றார். ஊர்த்தெருக் கை, காலனிக் கை என்று அந்த வரிசையில் பிரித்தறிய வழியில்லை. வரிசையின் முடிவில் அவர் தந்தை நின்றிருந்தார், அழுதிருந்தார், அதை மறைக்க வாய் முந்திக்கொண்டது.

“பந்த இந்த அடி அடிக்கறயே, ஊட்டுல ஒரு ஆணி அடிக்கச் சொல்லி ஆறு மாசமாச்சேடா!”

சுற்றியிருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர்.

தோற்ற நவீன்குமார் வலைக்கு அடியில் குனிந்து வந்து மாதேஷின் கையைப் பற்றினான்.

“அண்ணா, அடுத்த தைக்கு நம்மூரு டீமுங்க. மாட்டேன்னு சொல்லப்படாது.”

“உங்கப்பாவக் கேட்டயா, தம்பி?”

“ஆடறது நாங்கதானுங்க. நாங்க ஆறு பேரும் பேசிட்டோம்.”

இளஞ்செழியன் அருகிலிருந்து, “என்ற ஆளத் தூக்கறதுக்கு என்கிட்டக் கேக்கவேண்டாமா?” என்று போலிக் கோபம் காட்டினார். பின், “கூட்டிட்டுப் போங்க. நாலு வருஷம் எங்களுக்கு ஆடிட்டாரு. அவருக்கும் ஊருன்னு ஒண்ணு இருக்குதல்ல?” என்றார்.

கோப்பையை மயில்சாமி வழங்கினார். அணித்தலைவர் மாதேஷை முன்னே தள்ளிவிட்டதால் அவர் கைக்கே கொடுக்க நேர்ந்தது. “நல்லா ஆடுன, மாதேஷு” என்றார். இன்றளவும் அவர் சின்னானைச் “சின்னா” என்றுதான் அழைக்கிறார். அவர் வயதினர் பலரும் அவ்வாறே. அவர்கள் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய்.

மாறியவர்கள் பிள்ளைகள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நவீன்குமாரும் அவன் அணியினரும், அவர்களுக்குப் பின்னே தனப்பிரியாவும் ஒரு படைப் பொடிசுகளும் சாலையைக் கடந்து தென்புறம் வந்தனர். காலனிக்கு அப்பால் வறண்ட ஏரியில், பண்ணையில் கழித்துப்போட்ட நைலான் வலையைக் கட்டி மாதேஷ் பயிற்சி செய்யும் களம் இருக்கிறது. ஊர் அணியின் பயிற்சி அன்றுமுதல் அங்கே நடைபெறுகிறது. இரண்டு மணி நேரம் ஆடி, வியர்த்து, நா வறண்டு திரும்பியவர்கள் முதலில் தென்பட்ட வீட்டின் வாசலில் நின்றனர். அது பாவாயியின் வீடு.

“பெரீம்மா, தண்ணி கொடுங்க!” என்றாள் தனப்பிரியா.

பாவாயி குடத்தையே தூக்கிவந்து வைத்தார். ஒரே செம்பு. அது கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. நவீன்குமார் அண்ணாந்து மடமடவென்று குடித்துப் புரையேறி இருமினான்.

“மெதுவாக் குடி, சாமி,” என்று அவன் தலையில் தட்டினார் பாவாயி. “குடத்துல இன்னும் இருக்குது.”